வாசலிலும் திரும்பும் வழியிலும்: வாசகர் கேள்வி - பதில்

இளமைக் காலத்தில் நண்பர்களோடு இரவு விடுதிக்கும் நடன அரங்குக்கும் போய்வந்த நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைத் தொடர்ந்து அதே பொருளில் கடிதங்கள் வந்துகொண்டே இருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு அறுபது வயது கடந்துவிட்டது. சென்ற மாதம் போன விருந்தில் யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டால் விழிக்கிறேன். ஆனால் இருபத்திரண்டு வயதில் நண்பர்களோடு இரவு விடுதிக்குப் போன ஒரு சனிக்கிழமை, யார் என்ன நிறச் சட்டையில் வந்தார் என்பது வரை கண்முன் நிற்கிறது. இது வயதின் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை, மனித நினைவின் இயல்பே அது. நாற்பதைக் கடந்தவர்களிடம் தம் வாழ்வில் நடந்தவற்றை மனத்துக்கு வந்தபடி சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த வயதில் நடந்தது என்று குறித்துக்கொண்டே போனால், அண்மைக் கால நிகழ்ச்சிகளை நீக்கிவிட்டுப் பார்க்கையில், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவையே மிகுதியாக வந்து குவிகின்றன. டேவிட் ரூபின் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986ஆம் ஆண்டில் இதை எடுத்துக்காட்டினார்கள். பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. காரணங்களாகச் சிலவற்றைச் சொல்கிறார்கள். அந்த வயதில் நடப்பவற்றில் பெரும்பாலானவை முதன்முறையாக நடக்கின்றன. நாம் இன்னார் என்ற எண்ணமும் அப்போதுதான் உருப்பெறுகிறது. பிறகு நண்பர்கள் கூடும்போதெல்லாம் அதே கதைகளைச் சொல்லிச் சொல்லி அவற்றை நாமே ஊற வைத்துவிடுகிறோம்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் கவனத்தில் பட்டது. நண்பர்களின் சட்டை நிறத்தை எழுதியிருக்கிறீர்கள். அன்று உள்ளே என்ன பாட்டு ஒலித்தது என்று எழுதவில்லை. எங்களுக்கு வந்த கடிதங்கள் பலவற்றில் இதே நிலைதான். வரிசையில் கால்கடுக்க நின்றது, மணிக்கட்டில் மை முத்திரை குத்தியது, அது மறுநாள் குளித்த பிறகும் வெளிறிய நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தது, கடைசி வண்டியைத் தவறவிட்டு நடந்தே வீடு சேர்ந்தது என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறவர்கள், நடுவில் உள்ளே கழித்த பொழுதை மட்டும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இதில் வியப்பில்லை. உள்ளே இருட்டு, முகம் தெரிவது விளக்கு வெட்டும் கணத்தில் மட்டும், பேச்சு காதில் விழாது, ஒரு பாட்டு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடமே தெரியாதபடி இசையும் ஒரே நீட்சியாகப் போய்க்கொண்டிருக்கும். கொடி பற்றி ஏறுவதற்குக் கொம்பு வேண்டும் என்பதுபோல, நினைவு பற்றிக்கொள்ளவும் ஏதாவது ஒரு வேறுபாடு வேண்டும். அது அங்கே இல்லை. இரவு விடுதியை நினைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பது அதன் வாசலையும் திரும்பி வந்த வழியையும்தான் என்பது என் கருத்து.

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழரும் ஒரே இரவைப் பற்றி வாதிட்டுக்கொண்டே இருக்கிறோம். விடுதி வாசலில் மூண்ட சண்டையைச் சமாதானம் செய்துவைத்தது நான் என்று எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது. அவரோ தாம்தான் செய்ததாகச் சொல்கிறார். இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்லர். யாரை நம்புவது?

பதில்: அன்று உடனிருந்த மூன்றாம் நண்பரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், சமாதானம் செய்தது தாம்தான் என்று அவரும் சொல்லக்கூடும்.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள் அன்று. ஒவ்வொரு முறையும் நாம் புதிதாகக் கட்டி எழுப்புவது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட், 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, சில நாள், சில மாதம் என இடைவெளி விட்டு அதைத் திரும்ப எழுதச் செய்தார். படித்தவர்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகள் மெல்ல உதிர்ந்தன. மரத்தோணி சாதாரணப் படகாக மாறியது. பொருந்தாத இடங்களைத் தமக்குப் பொருந்தும்படி அவர்களே இட்டு நிரப்பினார்கள். நீங்கள் இருவரும் இத்தனை ஆண்டுகளாகத் தனித்தனியே உங்கள் வீட்டாரிடம் அந்தச் சண்டைக் கதையைச் சொல்லி வந்திருப்பீர்கள். சொல்கிறவரே கதையின் நாயகராவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அன்று மது அருந்தியிருந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். குறுகிய நேரத்தில் அதிகமாகக் குடிக்கும்போது, மூளையில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வேலை தடைப்படுகிறது. அந்த நிலையில் ஒருவர் நடக்கலாம், பேசலாம், ஆடலாம், சமாதானமும் செய்யலாம். ஆனால் அது பதிவாகியே இருக்காது. பதிவாகாததை எவ்வளவு யோசித்தாலும் மீட்க முடியாது. மறுநாள் நண்பர்கள் சொல்லக் கேட்டதே நாளடைவில் தாம் கண்டதாகிவிடும். ஆகவே இருவரில் ஒருவர் மற்றவர் சொல்லக் கேட்டதையே தம் நினைவாக வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. அது யார் என்பதை என்னால் தீர்த்துவைக்க இயலாது.

கேள்வி: எங்கள் தந்தையார் காலத்தில் இரவு விடுதி என்றால் மேடையில் வாத்தியக் குழு இருக்கும் என்பார். எங்கள் காலத்தில் இசைத்தட்டைச் சுழல விடும் ஒருவர்தான் இருந்தார். இந்த மாற்றம் எப்படி வந்தது?

பதில்: குழுவுக்குச் சம்பளம் கொடுப்பதைவிட இசைத்தட்டு மலிவு என்பது முதற்காரணம். இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பின்னரும் பாரிஸ் நகரில் இசைத்தட்டுகளைக் கொண்டே நடத்தப்பட்ட விடுதிகள் தோன்றின. அங்கே 'விஸ்கி ஆ கோகோ' என்ற விடுதியில் வேலை பார்த்த ரெஜின் என்ற பெண்மணி, 1953ஆம் ஆண்டில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸை அகற்றிவிட்டு, இசைத்தட்டைச் சுழற்றும் கருவிகளான டர்ன்டேபிள்கள் இரண்டை வைத்ததாகத் தாமே சொல்லி வந்தார். ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இடைவெளி விழும். அந்த மௌனத்தில் மூலையில் அமர்ந்திருக்கும் காதலர்களின் குரல் எல்லோருக்கும் கேட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பின்னர் தம் பெயரிலேயே பல நாடுகளில் விடுதிகள் நடத்திய அவர் 2022ஆம் ஆண்டில் மறைந்தார்.

இரண்டு தட்டுகளை ஒரே தாளத்தில் இணைத்துத் தொடர்ச்சியாக ஓட விடும் கலையை 1970ஆம் ஆண்டையொட்டி நியூயார்க்கில் வளர்த்தவர்களில் ஃபிரான்சிஸ் கிராஸோ முக்கியமானவர். அந்த வித்தையை அருகில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு தட்டு அரங்கம் முழுவதற்கும் ஒலித்துக்கொண்டிருக்கும். டி.ஜே. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் தோளோடு அணைத்துக்கொண்டு, அடுத்த தட்டை அதில் கேட்பார். முள்ளைப் பள்ளத்தில் இறக்கி, முதல் அடி விழும் இடத்தை விரலால் முன்னும் பின்னும் உருட்டித் தேடி, அங்கேயே தட்டைப் பிடித்து நிறுத்துவார். கீழே கருவியின் சுழல்மேடை சுழன்றுகொண்டே இருக்கும், மேலே தட்டு மட்டும் அவர் விரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். சரியான அடியில் விரலை எடுப்பார். இரண்டு தாளமும் சற்றே விலகினால் தட்டின் ஓரத்தை நுனிவிரலால் தொட்டுத் தாமதப்படுத்துவார். 1972ஆம் ஆண்டில் டெக்னிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.எல்.-1200 என்ற கருவி, பட்டை இல்லாமல் மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் அமைப்பு என்பதால், விட்டவுடன் வேகம் பிடித்தது. 1979ஆம் ஆண்டில் வந்த அதன் அடுத்த வடிவத்தில் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் நீளமான தள்ளுகட்டை இருந்தது. உங்கள் கால விடுதிகள் பலவற்றில் இருந்தது இந்தக் கருவியாகத்தான் இருக்கும்.

கேள்வி: இருபது வயதில் பெயர்பெற்ற ஒரு விடுதியின் வாசலில் நண்பர்களை உள்ளே விட்டுவிட்டு என்னை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். காரணமும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நினைத்தால் முகம் சிவக்கிறது. இது சிறுபிள்ளைத்தனமா?

பதில்: இல்லை. பலர் பார்க்க நடந்த அவமதிப்பு எளிதில் ஆறாது. அதிலும் காரணம் சொல்லாத மறுப்புக்கு நாமே ஆயிரம் காரணம் தேடிக்கொண்டிருப்போம். ஆனால் அந்த மறுப்பு உங்களைப் பற்றிய தீர்ப்பு என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கில் 1977ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட 'ஸ்டூடியோ 54' விடுதியின் உரிமையாளர்களில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல், தாமே வாசலில் நின்று கூட்டத்திலிருந்து ஆட்களைப் பொறுக்கி உள்ளே விடுவார். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால் அந்த இடத்துக்கு மதிப்பு ஏது? வெளியே நிற்கும் கூட்டமே உள்ளே இருப்பவர்களுக்கு விற்கப்படும் சரக்கு. அன்று உங்களையும் அந்தச் சரக்கில் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதே ஆண்டின் கடைசி இரவில், 'ஷிக்' இசைக்குழுவைச் சேர்ந்த நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததன் பேரில் அங்கே போய், பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். உள்ளே ஒலித்துக்கொண்டிருந்ததோ அவர்களைப் போன்றவர்களின் இசை. கோபத்தோடு வீட்டுக்குப் போய், வாயிற்காவலரைத் திட்டுவதாக ஒரு பல்லவியைக் கட்டினார்கள். வசைச் சொல்லை மட்டும் மாற்றிய பிறகு, 'லே ஃப்ரீக்' என்ற அந்தப் பாட்டு 1978ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. வாசலை ஆண்ட ரூபெலும் அவருடைய கூட்டாளி இயன் ஷ்ரேகரும் வரி ஏய்ப்புக்காக 1980ஆம் ஆண்டில் சிறைக்குப் போனார்கள். இது உங்கள் முகச் சிவப்பைக் குறைக்குமோ என்னவோ, படிக்கும்போது எனக்கு ஓரளவு மகிழ்ச்சியாகவே இருந்தது.

கேள்வி: அந்த நாட்களில் வீடு திரும்பிய பிறகும் காதுக்குள் விடியும் வரை 'ங்' என்ற ஒலி கேட்டுக்கொண்டிருக்கும். அதை அப்போது பெருமையாகப் பேசிக்கொள்வோம். இப்போது கூட்டத்தில் யார் பேசினாலும் சரியாகப் புரிவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம், செவிப்புலன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் தொழிலிடப் பாதுகாப்புக்காக அமெரிக்க நிறுவனம் ஒன்று வகுத்த வரையறை சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடமே எல்லை. நடன அரங்கில் ஒலிபெருக்கிக்கு எதிரே நின்றவர்கள் அந்த எல்லையை முதல் சில பாட்டுகளிலேயே கடந்திருப்பார்கள். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உலகச் சுகாதார அமைப்பு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், இத்தகைய இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அமைதியான ஓர் ஓய்விடம் இருக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் கூறியுள்ளது. வயது ஏறுவதாலும் செவிப்புலன் குறையும் என்பதால் எல்லாப் பழியையும் இசையின் மேல் போட்டுவிட முடியாது.

கேள்வி: என் மகளுக்கு இருபது வயது. நானும் தோழிகளும் அந்த வயதில் இரவில் ஆடப் போனதை அவளிடம் சொல்லலாமா? சொன்னால் நாளை அவளைத் தடுக்க எனக்கு வாய் இருக்குமா என்று தயங்குகிறேன்.

பதில்: சொல்லுங்கள், அம்மா. ஆனால் ஆட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், அந்த இரவைச் சுற்றி நீங்கள் கட்டியிருந்த ஏற்பாடுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும் என்பது, கைப்பைகளை நடுவில் வைத்து வட்டமாக ஆடியது, குவளையை யாரிடமும் ஒப்படைக்காமல் கையிலேயே வைத்திருந்தது, ஒருத்தி கண்ணால் காட்டினால் மற்றவர்கள் உடனே வந்து சூழ்ந்துகொண்டது ஆகியவற்றை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கழிவறைக்குப் போகும் நடையில், இசை சுவருக்கு அப்பால் மங்கலாக அதிர்ந்துகொண்டிருக்க, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி உங்கள் தோழியின் அறுந்த செருப்பு வாரை ஊசியால் இணைத்துக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு வேண்டியது இந்தச் செய்திகள்தாம். தடுப்பதற்கு வாய் இருக்குமா என்று கேட்கிறீர்கள். எப்படிப் போய்வருவது என்று சொல்வதற்கு உங்களைவிடத் தகுதியானவர் அவளுக்குக் கிடைக்க மாட்டார்.

உங்கள் காலத்து இசையை அவள் கேலி செய்வாள் என்றும் அஞ்ச வேண்டாம். கரோல் குரும்ஹான்சல், ஜஸ்டின் சுப்னிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதையொட்டியவர்கள் தம் பெற்றோரின் இளமைக் காலத்துப் பாட்டுகளோடும் நெருக்கம் கொண்டிருப்பது தெரியவந்தது. வீட்டில் அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது நீங்கள் கேட்ட பாட்டுகள் அவளுக்கும் சொந்தமாகிவிட்டிருக்கும்.

கேள்வி: அந்த இரவுகளை நினைவுபடுத்த ஒரு புகைப்படம்கூட என்னிடம் இல்லை. இன்றைய இளைஞர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

பதில்: பொறாமை வேண்டாம். அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்தவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படமெடுத்த பொருள்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் கண்டறிந்திருக்கிறார். பெர்லினில் 2004ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 'பெர்க்ஹைன்' விடுதியில், நுழையும்போதே கைப்பேசியின் கேமரா மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுகிறார்கள். உங்களிடம் புகைப்படம் இல்லாத குறைக்கு வேறொரு பக்கமும் உண்டு: அன்று நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதற்கும் சான்று இல்லை.

கேள்வி: நாங்கள் வாரந்தோறும் கூடிய விடுதியை இடித்து அடுக்ககம் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது துக்கமாக இருக்கிறது. ஒரு கேளிக்கை இடத்துக்காக வருந்துவது பொருத்தமா?

பதில்: பொருத்தம்தான். மான்செஸ்டரில் 1982ஆம் ஆண்டில் தொடங்கி 1997ஆம் ஆண்டில் மூடப்பட்ட 'ஹாசியெண்டா' விடுதியின் உட்பொருள்களை 2000ஆம் ஆண்டில் ஏலம் விட்டபோது, நடனத்தளத்தின் மரத்துண்டுகளைக்கூட மக்கள் வாங்கிப் போனார்கள். அந்த இடத்திலும் இன்று அடுக்ககம்தான் நிற்கிறது. பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926 முதல் 1958 வரை இயங்கிய 'சவாய்' நடன அரங்கம், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் சேர்ந்து ஆட முடிந்த அரிய இடங்களில் ஒன்று. குடியிருப்புக்காக அதையும் இடித்தார்கள். 2002ஆம் ஆண்டில் அங்கே ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். இரவு விடுதி பெரும்பாலும் வாடகை இடத்தில், அக்கம்பக்கத்தாரின் புகாருக்கு நடுவில், ஒரு தலைமுறையின் ரசனையை நம்பி நடக்கும் தொழில். அதற்கு ஆயுள் குறைவு. போனவர்கள் மட்டும் நீண்ட நாள் இருக்கிறோம்.

கேள்வி: எங்களுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. பழைய நண்பர்கள் ஐவரும் மீண்டும் ஒருமுறை அதேபோல் ஓர் இரவு போய்வரலாம் என்று திட்டமிடுகிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். பிரிட்டனில் நடிகை விக்கி மெக்லூர் உள்ளிட்டோர் 2023ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'டே ஃபீவர்' நடன விருந்துகள் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கென்றே பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்கு முடிகின்றன. ஆடிவிட்டு வந்து நேரத்தோடு உறங்கவும் செய்யலாம். இளைஞர்கள் போகும் இடத்துக்கே போவதென்றால் காதடைப்பானும் பழகிய காலணியும் இருக்கட்டும். நள்ளிரவுக்கு முன்பே கிளம்புவதென்று போகும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே பழைய மாதிரி இருக்காது. அதைக் குறையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிந்ததும் ஆளுக்கொரு வாடகை வண்டியை வாசலுக்கே வரவழைத்து அங்கேயே பிரிந்துவிடாதீர்கள். ஒரே வண்டியாக அமர்த்தி, இரண்டு தெரு தள்ளி வெளிச்சமான இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.